‘யாராவது சொல்லியிருப்பாங்க’

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன் நண்பர்களே. உங்க லேப்டாப் திரை திடீர்னு கருப்பாப் போச்சுன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க? ஹாஸ்டல்ல பத்துப் பேரைக் கேட்டேன். ஒன்பது பேர், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம்னாங்க. பத்தாவது ஆள், பேட்டரியைக் கழட்டி மாட்டுவேன்னான். (அவன் லேப்டாப் அவ்வளவு பழசு.) அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. மறுபடி ஓடினா வேலையைப் பாப்போம், ஓடலைன்னா விண்டோஸ் போட்டுடுவோம்.

நானும் அதைத்தான் பண்ணினேன். அதனால என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன், மத்ததை அப்புறம் பேசலாம்.

எங்க அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் ஒண்ணு வீட்ல இருந்தது. அக்கா வேலைக்குப் போய் புதுசு வாங்கினதும் அது எனக்கு வந்தது. போன வருஷம் செமஸ்டர் லீவுல ஒரு லினக்ஸ் பதிப்போட பீட்டாவை அதுல போட்டுப் பாத்தேன். இன்னும் ரெண்டு மாசத்துல ரிலீஸ் ஆகப்போற பதிப்பு. எல்லாம் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா மூடியை மூடித் திறந்தா திரை வரல. கேப்ஸ் லாக் அழுத்தினா விளக்கு எரியுது, அணையுது. ஃபேன் சத்தம் கேக்குது. மெஷின் உயிரோட இருக்கு, திரை மட்டும் செத்துக் கிடக்கு. மூணு நாள் பொறுத்துப் பாத்துட்டு பழைய பதிப்புக்கே திரும்பிட்டேன். ‘பீட்டாதானே, ரிலீஸுக்குள்ள யாராவது சொல்லியிருப்பாங்க, சரி பண்ணிடுவாங்க’ன்னு நெனச்சேன்.

ரிலீஸும் வந்தது. அந்த நேரத்துல சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல கணக்கு பாக்குற எங்க சித்தப்பாவுக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. யார் தோட்டத்துக் காய் எத்தனை கிலோ பச்சையா வந்தது, காஞ்சு எத்தனை கிலோ ஆச்சுங்கிற கணக்குதான். கிட்டத்தட்ட அஞ்சு கிலோ பச்சைக்காய் போட்டா ஒரு கிலோ காஞ்ச காய் கிடைக்கும். அதுல நூறு கிராம் முன்னப்பின்ன ஆனாலும் தோட்டக்காரர் வாசல்ல வந்து நிப்பார். 4 ஜிபி ரேம்ல விண்டோஸ் திணறுதேன்னு, புது ரிலீஸை அந்தப் பழைய லேப்டாப்லயே போட்டு சித்தப்பா கையில குடுத்தேன். மூடியை மூடித் திறந்து பாக்கல. யாராவது சரி பண்ணியிருப்பாங்கன்னுதான் முடிவு பண்ணிட்டேனே.

போடிக்கு ஏலத்துக்குக் காய் அனுப்புற அன்னிக்குக் காலைல சித்தப்பா எடைக் கணக்கை ஏத்திட்டு, டீ குடிக்கப் போகும்போது மூடியைச் சாத்திட்டுப் போயிருக்கார். திரும்பி வந்து திறந்தா கருப்பு. போன்ல கூப்பிட்டார், மேல சிக்னல் எப்படின்னு உங்களுக்கே தெரியும், நாலு தடவை கட் ஆச்சு. கடைசியா அவரே பவர் பட்டனை அழுத்திட்டார். சேவ் பண்ணாத கணக்கு போச்சு. எடைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, நோட்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. அந்தக் காய் அடுத்த ஏலத்துக்குத்தான் போச்சு. சித்தப்பா என்னைத் திட்டல. ‘பழைய பெட்டி தம்பி, நீ என்ன பண்ணுவ’ன்னார். அதுதான் இன்னும் உறுத்துது. பெட்டி பழசுதான், ஆனா தப்பு பெட்டியோடது இல்ல. எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்ச தப்பு அது.

இனி விஷயத்துக்கு வரேன். ஒரு லினக்ஸ் பதிப்பு ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. யாரோ ஒரு பெரிய ஹால்ல ஆயிரம் லேப்டாப்பை வரிசையா அடுக்கி வச்சு டெஸ்ட் பண்ணுவாங்கன்னு ஒரு கற்பனை. தானியங்கி சோதனைகள் நிறைய உண்டு. சிப் தயாரிக்கிற கம்பெனிகள்லயும் லேப் உண்டு. ஆனா இன்னிக்கு விக்கிற சிப்புக்குத்தான் அங்க முதல் மரியாதை. உங்க அக்காவோட 2014 மாடல் லேப்டாப் அந்த மேசையில இருக்கும்னு நம்பிடாதீங்க.

டெபியனை எடுத்துக்குங்க. அதோட 13ஆம் பதிப்பு ‘ட்ரிக்ஸி’ 2025 ஆகஸ்ட் 9 அன்னிக்கு வந்தது. ஆனா அதுக்கான கதவுகள் மார்ச் 15லேருந்தே ஒவ்வொண்ணா மூட ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல் 15ல இன்னொரு கட்டம், மே 15ல கடுமையான கட்டம், ஜூலை 27ல முழுப் பூட்டு. இதுக்கு ஃப்ரீஸ்னு பேரு. ஒவ்வொரு கட்டத்துலயும் உள்ள நுழையக்கூடிய மாற்றம் சுருங்கிக்கிட்டே வரும். மார்ச்ல ஒரு பிழையைச் சொன்னா டிரைவரையே புதுசா மாத்தலாம். ஜூலைல சொன்னா, ‘ரெண்டு வரித் திருத்தம்னா சரி, இல்லைன்னா ரிலீஸுக்கு அப்புறம் பாக்கலாம்’னுதான் பதில் வரும். நம்ம அசைன்மெண்ட் மாதிரி கடைசி நாள் ராத்திரி சமாளிக்கிற வேலை இல்ல இது.

அடுத்தது பிழைகளை எடை போடுற விதம். டெபியன்ல ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தீவிரம் உண்டு. மேல இருக்கிற மூணு படியில வந்தா அது ரிலீஸையே தடுக்கும். ஒரு குறிப்பிட்ட மாடல்ல மட்டும் திரை கருப்பாகுதுன்னா அது பெரும்பாலும் நாலாவது படியில, ‘முக்கியம்’ங்கிற பேர்ல உக்காரும். பேருதான் முக்கியம், ரிலீஸ் அதுக்காக நிக்காது. ஃபெடோராவுல இன்னும் வெளிப்படையா நடக்கும். ரிலீஸைத் தடுக்கக்கூடிய பிழைகளை ஒரு பட்டியல்ல போட்டு, ஒவ்வொண்ணா விவாதிச்சு ஓட்டு போடுவாங்க. கடைசியா, போலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஒரு கூட்டம். குறிப்பிட்ட ஹார்டுவேர்ல மட்டும் வர்ற பிழைன்னா அங்க எழுற கேள்வி: இது எத்தனை பேரைப் பாதிக்கும்?

எத்தனை பேருக்கு வருதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னவங்களை வச்சுத்தான் தெரியும். ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தா, ‘அவர் மெஷின்ல ஏதோ கோளாறு’. அஞ்சு ஊர்லேருந்து அஞ்சு பேர் அதே சிப்போட அதே கதையைச் சொன்னா, அது பிழை. நான் என் ரூம்ல மூணு நாள் பாத்த கருப்புத் திரை அந்தக் கணக்குல ஒரு பூஜ்யம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல. போடியில ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏல மையத்துல வியாபாரிங்க மூட்டை மூட்டையாப் பிரிச்சா பாக்குறாங்க? முன்னால வர்ற சாம்பிளைக் கையில அள்ளி, நிறம் பாத்து, பருமன் பாத்து, காயை உடைச்சு உள்ள அரிசி பாத்துத்தான் விலை கேக்குறாங்க. சாம்பிள்ல இல்லாதது அவங்க கண்ணுக்கு இல்ல. நம்ம லேப்டாப் அந்த சாம்பிள்ல இல்லைன்னா, அதுக்கேத்த விலைதான் அதுக்குக் கிடைக்கும். உவமை கச்சிதமாப் பொருந்தலைன்னு எங்க வீட்லயே ஒருத்தர் சொல்லிட்டார். ஏலத்துல வியாபாரிக்குக் காசு போகும், டெவலப்பருக்கு என்ன போகும்னு கேட்டார். நியாயமான கேள்வி, அதுக்குக் கீழ வரேன்.

சொன்னா மட்டும் ஏதாவது நடக்குமான்னு கேப்பீங்க. எப்பவும் நடக்காது. 2009 ஏப்ரல்ல வந்த உபுண்டு 9.04 அதுக்கு நல்ல உதாரணம். அந்த நேரத்துல இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரோட உள்கட்டுமானமே மாறிக்கிட்டிருந்தது. பழைய முறை பாதி, புது முறை பாதி. முந்தின பதிப்பை விட படம் காட்டுறது மெதுவாயிடுச்சுன்னு சோதிச்சவங்க ரிலீஸுக்கு முன்னாடியே சொன்னாங்க. ஆனாலும் குறிச்ச தேதிக்கு ரிலீஸ் ஆச்சு. வெளியீட்டுக் குறிப்புலயே, இன்டெல் சிப் வச்சிருக்கிறவங்களுக்கு வேகம் குறையலாம்னு எழுதி வச்சுட்டுத்தான் வெளியிட்டாங்க. அக்டோபர்ல வந்த 9.10லதான் நிலைமை தேறிச்சு. கோபம் வருதுல்ல? எனக்கும் வந்தது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தக் குறிப்பு இருந்ததால எத்தனை பேர் ஆறு மாசம் பொறுத்துப் பழைய பதிப்புலயே இருந்திருப்பாங்க. என் பீட்டா அனுபவம் ஒரு வரிக் குறிப்பா எங்கயாவது இருந்திருந்தா, அதை நானே தேடிப் படிச்சிருப்பேன், சித்தப்பாவுக்கு வேற பதிப்பு போட்டிருப்பேன்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2022 செப்டம்பர் கடைசியில லினக்ஸ் கர்னல் 5.19.12 வந்தது. சில இன்டெல் லேப்டாப்கள்ல திரை வெள்ளையா மின்ன ஆரம்பிச்சது. பாத்தவங்க சும்மா இருக்கல, லாகை எடுத்து அனுப்பினாங்க. இன்டெல் டெவலப்பர் வில்லே சிர்யாலா அந்த லாகைப் பாத்ததும் விஷயம் வெறும் மின்னல் இல்லைன்னு புரிஞ்சது. டிஸ்ப்ளே பேனலுக்கு எப்போ கரண்ட் குடுக்கணும், எவ்வளவு நேரம் இடைவெளி விடணும்ங்கிற கணக்கு தப்பாப் போயிருந்தது. பேனலே பாழாகலாம். அந்த மாற்றங்களை உடனே திரும்ப எடுங்கன்னு அவர் எழுத, சில நாள்ல 5.19.13 வந்துடுச்சு. பேனல் மாத்த என்ன செலவாகும்னு மதுரையில ஒரு சர்வீஸ் கடையில விசாரிச்சிருக்கேன். பழைய லேப்டாப்புக்கு அது அதோட விலையில பாதி. யாரோ ஒருத்தர் அனுப்பின சில பக்கம் லாக் எத்தனை பேனலைக் காப்பாத்தியிருக்கும்னு யாரும் எண்ணப் போறதில்ல.

சரி, நாம ஏன்? இங்கதான் என் வாதமே இருக்கு.

தமிழ்நாட்டுல 2011 செப்டம்பர்லேருந்து அரசு லேப்டாப் குடுத்தது. விண்டோஸோட கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கின, டெபியனை அடிப்படையாக் கொண்ட இந்தியப் பதிப்பு. நம்ம ஆளுங்க அதை என்ன பண்ணினாங்க? அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு படம் வைக்க இடம் பண்ணினாங்க. எங்க அக்காவும்தான். (‘கில்லி’ ரெண்டு பிரின்ட் வச்சிருந்தா.) குறை சொல்லல, எதுக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்காத ஒண்ணை யார் வச்சுக்குவாங்க? ஆனா அந்தத் திட்டத்துல கவனிக்காம விட்ட ஒரு விஷயம் இருக்கு. ஒரு வருஷத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தது எல்லாம் பெரும்பாலும் ஒரே மாடல். அதே சிப், அதே திரை, அதே பயாஸ். உங்க ஊர்லயும், சின்னமனூர்லயும், கம்பத்துலயும் அதேதான். உலகத்துல வேற எங்கயாவது பழைய, மலிவான, ஒரே மாதிரியான லேப்டாப் இவ்வளவு கூட்டமா சாதாரண வீடுகள்ல இருக்குமான்னு தெரியல. ஒரு டிரைவர் பிழை அந்த மாடல்ல வந்தா ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான வீட்டுல கருப்புத் திரை. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க: ஒருத்தர் ஒரு தடவை ஒழுங்காச் சொன்னா, ஆயிரக்கணக்கான வீட்டுல அது வராது. 2025 மார்ச் பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. அந்தக் கணக்கு இன்னும் பெருசாகுது.

மலைக்கு அந்தப்பக்கம் பாருங்க. போடிமெட்டு தாண்டி பூப்பாறை போனா அது இடுக்கி மாவட்டம். அங்க அரசுப் பள்ளிக்கூட லேப்ல ஓடுறது கேரள அரசோட கைட் நிறுவனம் உபுண்டுவை வச்சுத் தயாரிச்ச லினக்ஸ். நம்ம வயசுப் பசங்க எட்டாவதுலேருந்தே அதுல வளர்ந்தவங்க. பாஸுக்கு மேல டெபியன், கைட்டுக்கு மேல உபுண்டு, உபுண்டுவுக்கும் மேல டெபியன், எல்லாத்துக்கும் மேல ஒரே லினக்ஸ் கர்னல். கர்னல்ல சரியானா ரெண்டு பக்கச் சரிவுக்கும் தண்ணி இறங்கும்.

இப்போ அந்தக் காசுக் கேள்வி. ‘சிப் கம்பெனி கோடி கோடியாச் சம்பாதிக்குது, டிரைவர் எழுதறவங்க சம்பளம் வாங்குறாங்க, நாம ஓசியில டெஸ்டர் வேலை பாக்கணுமா?’ ரூம்மேட் கேட்டான். இதுல உண்மை இருக்கு. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர்ல பெரும்பங்கு அந்தந்தக் கம்பெனி ஊழியர்கள் எழுதறதுதான். புது சிப்புக்கு நாம ஓசியில உழைக்கிறது எனக்கும் உறுத்தும். ஆனா பத்து வருஷப் பழைய சிப்பை யாரும் விக்கிறதில்ல. அது நல்லா ஓடினா எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்ல. சொல்லப்போனா நீங்க புதுசு வாங்கினாத்தான் அவங்களுக்கு லாபம். அந்தச் சிப்புக்கு மிச்சம் இருக்கிற காவல் அதை வச்சிருக்கிறவங்க மட்டும்தான். இது கம்பெனிக்குச் செய்யற சேவைன்னு நான் பாக்கல. சித்தப்பாவுக்கு 25,000 ரூபா செலவு வைக்காம இருக்க நான் செய்யற வேலை.

அப்புறம், கண்காணிக்கிற வேலையையே பல சமயம் தனி ஆள்தான் சுமக்கிறார். போன பதிப்புல ஓடினது இந்தப் பதிப்புல ஓடலைன்னா அதுக்கு ரிக்ரெஷன்னு பேரு. கர்னல்ல ரிக்ரெஷனை விடக்கூடாதுங்கிறது லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பக் கறாரா வச்சிருக்கிற விதி. ஆனா எது எது உடைஞ்சிருக்குன்னு பட்டியல் யார் வச்சிருக்கிறது? ஒரு காலத்துல ரஃபேல் வைசாக்கி வச்சிருந்தார். அவர் விட்டதும் சில வருஷம் யாருமே இல்ல. 2017ல தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ்ங்கிற ஜெர்மன் பத்திரிகையாளர் கையாலயே பட்டியல் போட ஆரம்பிச்சார்; முடியாம நிறுத்தினார்; 2021ல ரெக்ஸ்பாட்னு ஒரு கருவியை எழுதிக்கிட்டுத் திரும்பி வந்தார். உலகத்துல கோடிக்கணக்கான மெஷின்ல ஓடுற ஒரு மென்பொருளுக்கு எது உடைஞ்சதுன்னு குறிச்சு வைக்க, சில வருஷம் ஆளே இல்லைங்கிறதை முதல்ல படிச்சப்போ நான் நம்பல. ‘யாராவது’ங்கிற அந்த ஆள் பல சமயம் இல்லவே இல்ல.

எப்படிச் சொல்றதுன்னு கொஞ்சம் பாப்போம். கேப்ஸ் லாக் சோதனையை ஏற்கெனவே சொல்லிட்டேன்: விளக்கு மாறினா மெஷின் உயிரோட இருக்கு, திரை மட்டும்தான் பிரச்சினை. அப்போ பவர் பட்டனைத் தொடாதீங்க. முன்கூட்டியே எஸ்எஸ்ஹெச் போட்டு வச்சிருந்தா, போன்ல டெர்மக்ஸ் திறந்து, ஒரே ஹாட்ஸ்பாட்ல இருக்கிற லேப்டாப்புக்குள்ள நுழைஞ்சு கர்னல் லாகை எடுத்துடலாம். சேவ் பண்ணாத ஃபைல் எதுவும் திறந்திருந்தா, நேரா ஷட்டவுன் அடிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கவும் நேரம் கிடைக்கும். எஸ்எஸ்ஹெச் இல்லைன்னா ரீஸ்டார்ட் பண்ணினதும் முந்தின பூட்டோட ஜர்னலைப் பாருங்க, பெரும்பாலும் அங்க தடயம் இருக்கும். எல்எஸ்பிசிஐ கட்டளை உங்க கிராஃபிக்ஸ் சிப்போட எண்ணையும் எந்த டிரைவர் ஓடுதுங்கிறதையும் சொல்லும். லாகை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க. உங்க கம்ப்யூட்டர் பேரும், சில சமயம் வைஃபை பேரும் அதுல இருக்கும். காதலி பேர்ல ஹாட்ஸ்பாட் வச்சிருக்கிறவங்க கவனம்.

எல்லாக் கருப்புத் திரையும் டிரைவர் பிழை இல்ல, அதையும் சொல்லணும். செமினார் ஹால் ப்ரொஜெக்டர்ல லினக்ஸ் மாட்டினா படம் 1024க்கு 768ல பெருசாத் தெரியுதுன்னு எல்லாரும் லினக்ஸைத் திட்டுறோம். நீளமான விஜிஏ கேபிள்ல, ப்ரொஜெக்டர் தன்னோட அளவைச் சொல்ற கம்பி அறுந்திருந்தாலோ, மலிவான கேபிள்ல அது இல்லாமலே இருந்தாலோ அப்படித்தான் வரும். வேற கேபிள் மாத்திப் பாத்துட்டு அப்புறம் புகார் எழுதுங்க. இதைப் பண்ணாம நான் ஒரு தடவை ஆவேசமா எழுதி, அரை மணி நேரத்துல நானே வாபஸ் வாங்கினேன்.

எழுதறதுல ரொம்ப முக்கியமான வரி ஒண்ணுதான்: முன்னாடி எந்தப் பதிப்புல நல்லா ஓடிச்சு, எந்தப் பதிப்புலேருந்து ஓடல. டெவலப்பருக்கு அது தங்கம். இங்கிலீஷ் வராதேன்னு தயங்காதீங்க. அங்க எழுதற ஜெர்மன்காரருக்கும் பிரேசில்காரருக்கும் அது தாய்மொழி இல்ல. நாலு சின்ன வாக்கியம் போதும். ஏஐகிட்ட குடுத்து ரெண்டு பக்கம் எழுதி வாங்கி ஒட்டிடாதீங்க, அது இப்போ பெரிய தொல்லையாயிடுச்சு. கர்ல் மென்பொருளைப் பராமரிக்கிற டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதின போலிப் புகார்களைப் படிச்சே தன் குழுவோட நேரம் வீணாகுதுன்னு 2025ல வெளிப்படையாவே புலம்பினார். உங்க கண்ணால பாத்தது மட்டும் போதும்.

என் கதைக்குத் திரும்பறேன். சித்தப்பா சம்பவத்துக்கு அப்புறம் தேடினேன். ரிலீஸான பிறகு யாரோ ஒருத்தர் அதே வகை சிப்போட அதே பிழையைச் சொல்லியிருந்தார். டெவலப்பர், பழைய கர்னல்ல இது வருதான்னு கேட்டிருந்தார். ரெண்டு வாரமாப் பதில் இல்ல. நான் எழுதினேன்: பழசுல வரல, பீட்டாவுலயே வந்தது. அடுத்த நாளே பதில் வந்தது. பீட்டாவுலயே பாத்தியா, எப்போன்னு கேட்டார். தேதி போட்டேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

பைசெக்ட் பண்ண முடியுமான்னு கேட்டார். இது கேக்கத்தான் பயமா இருக்கும். ரெண்டு கர்னல் பதிப்புக்கு நடுவுல பத்துப் பன்னிரண்டாயிரம் மாற்றம் இருக்கும். அதுல எது திரையைக் கொன்னதுன்னு கண்டுபிடிக்கணும். நடுவுல ஒண்ணை எடுத்து ஓட்டிப் பாக்கணும். நல்லா இருந்தா தப்பு பின்பாதியில, இல்லைன்னா முன்பாதியில. திரும்ப நடுவுல ஒண்ணு. நாம ரெண்டாவது வருஷத்துல பைனரி சர்ச்னு பதினாறு மார்க்குக்குப் படிச்சோமே, அதேதான். ரெண்டின் 14ஆம் அடுக்கு 16,384. அதனால 14 தடவை ஓட்டினா போதும். தியரியா இது அஞ்சு நிமிஷம். பழைய டூயல் கோர்ல ஒரு கர்னல் கம்பைல் ஆக ஒரு ராத்திரி. அதனால அந்த மெஷின்ல ஓடுற மாட்யூல்களை மட்டும் வச்சு கான்ஃபிகைச் சுருக்கி, லேப் மெஷின்ல கம்பைல் பண்ணி, பென்டிரைவ்ல தூக்கிட்டு ஹாஸ்டலுக்கு ஓடினேன். போட்டு, மூடியை மூடித் திற. கருப்பா? குறிச்சுக்கோ. திரும்ப லேப். அஞ்சு நாள் ஆச்சு. நடுவுல ஒரு நாள் கரண்ட் இல்ல. பதினோராவது தடவை தப்பாக் குறிச்சுட்டேன்னு சந்தேகம் வந்து ரெண்டு படி பின்னாடி போனேன். அந்த அஞ்சு நாளும் சித்தப்பா நோட்டுலதான் கணக்கு எழுதினார். லேப்டாப் என்கிட்ட இருந்தது.

பதினாலாவதுல ஒரு மாற்றம் மட்டும் மிஞ்சிச்சு. ஸ்லீப்லேருந்து எழும்போது திரைக்கான சில அமைப்புகளைத் திரும்ப எழுதற வரிசையை யாரோ முன்னப்பின்ன மாத்தியிருந்தாங்க. புது சிப்ல அது சரி. பழசுல இல்ல. அதோட எண்ணை எழுதி அனுப்பினதும் ரெண்டு நாள்ல ஒரு பேட்ச் வந்தது. நிஜமாவே நாலு வரி. போட்டேன், மூடினேன், திறந்தேன். அக்காவோட பழைய வால்பேப்பர், கொழுக்குமலை சூரிய உதயம். பக்கத்து ரூம்ல தூங்கினவன் எழுந்து வந்து என்னடா ஆச்சுன்னு கேக்கற அளவுக்குக் கத்தியிருக்கேன்.

அந்தத் திருத்தம் அடுத்து வந்த கர்னல் அப்டேட்ல எல்லாருக்கும் போச்சு. நான் பீட்டா நாள்லயே நாலு வரி எழுதியிருந்தா, ரிலீஸுக்குள்ளயே போயிருக்குமான்னு டெவலப்பர்கிட்ட கேக்கல. கேக்கத் தைரியம் வரல.

கர்னலுக்கு ஒம்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு; அதுக்குள்ள ஏழெட்டு வாரம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு ரிலீஸ் கேண்டிடேட் வரும். நம்ம கிளப்ல இதுக்கு ஒரு சின்ன ஏற்பாடு பண்ணலாம்னு இருக்கேன். வீட்ல தூங்குற பழைய அரசு லேப்டாப் வச்சிருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க, எந்த வருஷத்து மாடல்னு ஒரு நோட்டுல குறிச்சு வைப்போம். திங்கக்கிழமை சாயங்காலம் போட்டுப் பாப்போம்: பூட் ஆகுதா, மூடித் திறந்தா வருதா, ப்ரொஜெக்டர்ல வருதா, வீடியோ ஓடுதா. முக்கியமான ஃபைல் இருக்கிற மெஷினைக் கொண்டு வராதீங்க. லைவ் யூஎஸ்பி போதும், ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டாம். அக்காவோட ‘கில்லி’ பத்திரமா இருக்கும்.

என் புகார் இன்னும் மூடப்படல. கூட ஒரு மானிட்டரை மாட்டிட்டு ஸ்லீப்லேருந்து எழுப்பினா திரை ரெண்டு செகண்ட் துடிக்குதுன்னு சித்தப்பா போன்ல சொன்னார். அதை எழுதினேன், டெவலப்பர் அந்த நிலையில எடுத்த லாக் கேக்கறார். லேப்டாப் மேல ஸ்டோர்ல இருக்கு, மானிட்டரும் அங்கதான். சித்தப்பாவுக்கு போன்ல கட்டளை சொல்லிப் பாத்தேன், பாதியில சிக்னல் போயிடுச்சு. வர்ற சனிக்கிழமை முதல் பஸ்ல நானே மேல போறேன். யாராவது கூட வர்றீங்களா?